பிரேக் பிடித்தால் முன்னால் ஏன் எரிகிறது?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டித் தீர்த்தது. எங்கள் தெருவில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. அரிசி மூட்டை, துணிமணி, பிள்ளையின் புத்தகங்கள் என்று ஒவ்வொன்றாகப் பரணில் ஏற்றிய அவசரத்தில் வாசலில் நின்ற ஸ்கூட்டரை எல்லாருமே மறந்துவிட்டோம். நினைவு வந்து எட்டிப் பார்த்தபோது சீட்டுக்கு ஒரு சாண் கீழே வரை தண்ணீர்.

தண்ணீர் வடிந்ததும் மெக்கானிக் ஆயிலை மாற்றினார், கார்புரேட்டரைக் கழுவினார், ஏர் ஃபில்டரைத் தூக்கிப் போட்டுப் புதிது வைத்தார். இரண்டு நாளில் வண்டி கிளம்பிவிட்டது. தப்பித்தோம் என்று நினைத்தேன். உண்மையில் வண்டிக்குள் வேறொரு வேலை அப்போதுதான் தொடங்கியிருந்தது. எஞ்சினுக்குள் போன தண்ணீர் அன்றைக்கே தன்னைக் காட்டிக்கொள்ளும். வயர் மூட்டுகளுக்குள் போன தண்ணீருக்கு அவசரமே கிடையாது.

ஜனவரி கடைசியில் ஹெட்லைட் மங்க ஆரம்பித்தது. ஹாரன் தொண்டை கட்டியவர் பேசுவதுபோல் கரகரத்தது. இண்டிகேட்டர் தனக்குத் தோன்றினால் வேகமாக மினுக்கும், தோன்றாவிட்டால் சும்மா நிற்கும். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில் "பேட்டரி போயிருச்சு சார்" என்றார்கள். தண்ணீரில் நின்ற வண்டியாயிற்றே என்று நானும் தலையாட்டினேன். ஆயிரத்து முந்நூறு ரூபாய். ஒரு வாரம் எல்லாம் ஒழுங்காக இருந்தது, பிறகு பழைய கதை. அடுத்ததாக, மின்சாரத்தைச் சீராக்கும் ஆர்ஆர் யூனிட் என்றார்கள். அதையும் மாற்றினேன், அதிலும் நாலைந்து நாள்தான் நிம்மதி. கடைசியில் உதிரிபாகக் கடையில் ஒருவர், வெளிச்சம் போதவில்லை என்றால் வாட்ஸ் கூடுதலான பல்பைப் போடுங்கள் என்றார். அதையும் வாங்கிப் போட்டேன். இந்த மூன்றில் என்னைப் பெரிய சங்கடத்தில் மாட்டிவிட்டது அந்தப் பல்புதான். அதற்கு வருகிறேன்.

புதுப் பாகம் போட்டதும் சில நாள் சரியாகி, மறுபடி கெடுவது ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. பாகத்தை மாற்றும்போது பக்கத்து வயர்களை இழுக்கிறோம், வயர்களை இணைக்கும் கப்ளரைக் கழற்றி மாட்டுகிறோம், நட்டைத் திருகுகிறோம். அந்த அசைவில் அழுக்குப் பிடித்த மூட்டு ஒன்று கொஞ்சம் உரசிச் சுத்தமாகிறது. பேர் மட்டும் புதுப் பேட்டரிக்குப் போய்விடுகிறது.

இந்த இடத்தில் வண்டியின் மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது தெரியாமல்தான் பேட்டரிக்குப் பணம் கொடுத்தேன். என்னுடையது 2012 மாடல், 110 சிசி. அந்தக் காலத்து கியர் இல்லாத ஸ்கூட்டர்கள் பலவற்றில் மின்சாரம் இரண்டு வழியாக ஓடும். ஹெட்லைட்டுக்கும் பின்னால் எரியும் சிவப்பு விளக்குக்கும் எஞ்சின் சுழலும்போது மின்சாரம் தரும் மேக்னெட் காயிலிலிருந்து ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட், செல்ஃப் ஆகியவற்றுக்குப் பேட்டரியிலிருந்து டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். நடுவில் நிற்கும் ஆர்ஆர் யூனிட் பேட்டரிக்குப் போவதை டிசியாக மாற்றித் தரும், ஹெட்லைட்டுக்குப் போவது எல்லை மீறாமல் பிடித்து வைக்கும். ஆக, இந்த வகை வண்டியில் ஹெட்லைட் மங்கினால் பேட்டரியை மாற்றுவது, தலைவலிக்குத் தலையணையை மாற்றுகிற வேலை.

உங்கள் வண்டி எந்த வகை என்று பார்ப்பது சுலபம். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி ஹெட்லைட் சுவிட்சைப் போடுங்கள். எரிந்தால் பேட்டரியில் ஓடுகிறது. எரியாமல், எஞ்சின் ஓடும்போது மட்டும் எரிந்து, முறுக்க முறுக்கப் பிரகாசம் கூடினால் ஏசி. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளுக்கு இந்தச் சோதனை ஒத்து வராது. எஞ்சின் ஓடினாலே ஹெட்லைட் எரிய வேண்டும் என்று விதி வந்துவிட்டதால் அவற்றில் தனி சுவிட்சே கிடையாது. ஏசி வண்டியில் சிக்னலில் நிற்கும்போது ஹெட்லைட் கொஞ்சம் மங்குவது இயல்புதான். ஓட்டும்போதும் மங்கினால்தான் கோளாறு.

சரி, அந்தப் பல்பு. வண்டிக்கு உரியது 12 வோல்ட், 35/35 வாட்ஸ். கடைக்காரர் கொடுத்தது 60/55. கணக்கு எளிது: 35 வாட்ஸ் பல்பு ஏறத்தாழ 3 ஆம்பியர் இழுக்கும், 60 வாட்ஸ் பல்பு 5 ஆம்பியர் கேட்கும். சின்ன மேக்னெட் காயில் அவ்வளவுக்கு எங்கே போகும்? வோல்ட் இறங்கிவிடும், வெளிச்சம் கூடுவதற்குப் பதில் குறையும். கூடவே, மூன்று ஆம்பியருக்கென்று செய்த ஹோல்டரும் மெல்லிய வயரும் சூடாகும். பிப்ரவரியில் ஒரு நாள் ராத்திரி ஆறுமுகநேரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களைத் தாண்டி, பழையகாயலும் தாண்டிவிட்டால் இரண்டு பக்கமும் உப்பளம், நடுவில் ரோடு. தெருவிளக்கு இல்லாத நீளம் அது. அங்கே வைத்து ஹெட்லைட் அடங்கிப்போனது. பிளாஸ்டிக் கருகும் வாடை. எதிரே வந்த உப்பு லாரியின் வெளிச்சத்தில் ரோட்டோரம் ஒதுங்கினேன். பிறகு இண்டிகேட்டரை மினுக்க விட்டுக்கொண்டு, இன்னொரு பைக்குக்குப் பின்னாலேயே முள்ளக்காடு வரை வந்து சேர்ந்தேன். அந்தப் பைக்காரருக்கு நான் ஏன் விடாமல் தொடர்கிறேன் என்று பயம் வந்திருக்க வேண்டும், வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார்.

மறுநாள் ஹெட்லைட் டூமை, அதாவது விளக்கின் கூட்டைக் கழற்றினால், ஹோல்டர் பழுப்பேறி ஒரு ஓரம் உருகிக் கிடந்தது. பழைய வாட்ஸுக்கே புதுப் பல்பும் புது ஹோல்டரும் வாங்கிப் போட்டேன். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய இடம் அதிகம் சூடேறி ஆயுள் குறையும். துணியால் பிடித்துப் போடுங்கள். ஹெட்லைட் எரிந்தது, ஆனால் மங்கல்தான். ஹாரனும் இண்டிகேட்டரும் பழையபடியே.

வழி காட்டியது என் மனைவி. ஒரு சாயங்காலம் வாசலில் வண்டியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எதிரே, வண்டிக்கு முன்னால், பூக்காரம்மாவுக்காக நின்றிருந்தாள். "ஏங்க, நீங்க பிரேக்கைப் பிடிக்கும்போதெல்லாம் முன்னாடி மஞ்சள் லைட்டு லேசா எரியுதே, அது அப்படித்தான் எரியுமா?" என்றாள். நான் இத்தனை நாளும் பின்னால் போய் பிரேக் லைட் எரிகிறதா என்று மட்டுமே பார்த்தவன். பிரேக் பிடித்தால் முன்னால் இருக்கும் இண்டிகேட்டருக்கு என்ன வேலை?

இதைத்தான் எல்லாருக்கும் முதலில் சொல்ல நினைக்கிறேன். ஒன்றை இயக்கினால் சம்பந்தமே இல்லாத இன்னொன்று அசைந்தால், சந்தேகப்பட வேண்டியது எர்த்தை, அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வழியை. பல்புக்குள் போன மின்சாரம் வயர் வழியாகவோ வண்டியின் இரும்புச் சட்டம் வழியாகவோ பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பியாக வேண்டும். திரும்பும் வழி அடைபட்டால் அது சும்மா நிற்காது, சந்து பொந்தில் நுழைந்து வீடு சேரப் பார்க்கும். என் வண்டியில் பிரேக் லைட்டுக்கும் பின் இண்டிகேட்டர்களுக்கும் பொதுவான எர்த் கெட்டிருந்தது. பிரேக் பல்புக்குள் புகுந்த மின்சாரம் நேர்வழி இல்லாமல் பின் இண்டிகேட்டர் பல்பு வழியே தலைகீழாக ஏறி, முன் இண்டிகேட்டருக்குப் போய், அங்கிருந்த எர்த்தில் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று பல்பு வரிசையாக நிற்பதால் எதுவும் முழுதாக எரியவில்லை.

இவ்வளவு புரிந்த பிறகும் இரண்டு நாள் வீணாயிற்று. 300 ரூபாய்க்கு மல்டிமீட்டர் ஒன்று வாங்கினேன். பேட்டரியை அளந்தேன்: சும்மா நிற்கும்போது 12.7 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது 10.4, முறுக்கினால் 14.1. மூன்றுமே நல்ல எண்கள். நிற்கும்போது 12.2க்குக் கீழே, செல்ஃப் அடிக்கும்போது 9.5க்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். முறுக்கியும் 13க்கு மேல் ஏறாவிட்டால் சார்ஜிங் பக்கம் பார்க்க வேண்டும். இந்த மீட்டரை முதலில் வாங்கியிருந்தால் பேட்டரிக் காசு மிச்சம். அடுத்து, பின்பக்க ஹோல்டரிலிருந்து பல்பைக் கழற்றிவிட்டு, பிரேக்கைப் பிடித்தபடி, பாசிட்டிவ் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தேன். 12.5 வோல்ட்! அப்படியானால் எர்த் நன்றாகத்தானே இருக்கிறது? குழம்பிப்போய் மீட்டரையும் வண்டியையும் எடுத்துக்கொண்டு, வயரிங் வேலை மட்டுமே பார்க்கும் வயதான அண்ணாச்சி ஒருவரிடம் போனேன்.

நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "வோல்ட்டு காட்டுது, சரி. பல்பைப் போட்டு எரியவிட்டு அளந்து பாத்தியளா தம்பி?"

இல்லை.

"மீட்டரு ஒண்ணும் இழுக்காதுல்லா. அது தொட்டுப் பாக்கும், அவ்வளவுதான்."

கிணற்றுக் கயிறு நைந்திருப்பது அது கொடியில் தொங்கும்போது தெரியாது, நிறை குடத்தைக் கட்டி இழுக்கும்போதுதான் தெரியும். மீட்டர் இழுக்கும் மின்சாரம் அற்பம். பத்து இழையில் ஒன்பது அறுந்த வயரும், களிம்பேறிய மூட்டும் அதற்கு முழு வோல்ட்டைக் காட்டிவிடும். ஒரு பல்பு எரிந்தால்தான் குட்டு உடையும். அண்ணாச்சியின் கருவியான டெஸ்ட் லேம்ப், பழைய இண்டிகேட்டர் பல்பு ஒன்றும் அதன் ஹோல்டரில் பற்றவைத்த இரண்டு வயரும்தான். ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவில் மாட்டினார். மறுமுனையை வண்டியின் சட்டத்தில் சுரண்டிய இடத்தில் தொட்டார், பளிச்சென்று எரிந்தது. பின்பக்க ஹோல்டரின் எர்த்தில் தொட்டார், சோகையாக எரிந்தது. "இங்கனக்குள்ளதான்" என்று சீட்டுக்கு அடியில் கையை விட்டு, சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கியிருந்த வளைய முனையைக் கழற்றினார். வளையம் முழுக்கப் பச்சைக் களிம்பு, போல்ட்டில் துரு. நீண்ட நாள் தண்ணீருக்குள் கிடந்த செப்புக்காசு போல இருந்தது.

உப்புத்தாளால் வளையம், போல்ட், சட்டத்தில் அது உட்காரும் இடம் மூன்றையும் பளபளக்கத் தேய்த்தார். (உப்பால் வந்த வினையை உப்புத்தாளால் தீர்த்தது எங்கள் ஊருக்குப் பொருத்தம்தான்.) மாட்டி இறுக்கிய பிறகு மேலே வாசலினைத் தடவினார். இந்த வரிசை முக்கியம். முதலில் உலோகத்தோடு உலோகம் இறுகித் தொட வேண்டும், பூச்சு அதற்கு அப்புறம், ஈரம் புகாமல் இருப்பதற்கு. பிரேக்கைப் பிடித்தேன். பின்னால் சிவப்பாக எரிந்தது, முன்னால் ஒன்றும் இல்லை. கூலி 100 ரூபாய் வாங்கினார். அதற்கு முன்பு நான் செலவழித்ததைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. புதுப் பேட்டரி எப்படியும் ஒரு நாள் வேண்டியதுதானே என்றார். பெரிய மனசு.

ஹெட்லைட்டை நானே பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அங்கேயும் ஒரு தடவை ஏமாந்தேன். மீட்டரை டிசியிலேயே வைத்து ஹோல்டரில் அளந்தால், எண் பூச்சியத்தைச் சுற்றித் தாவிக்கொண்டே இருந்தது. வயர் அறுந்துவிட்டது என்று முடிவுகட்டி முன்பக்கம் முழுவதையும் பிரித்துப் போட்டேன். பிறகுதான் உறைத்தது, ஹெட்லைட்டுக்கு வருவது ஏசி! மீட்டரை ஏசிக்குத் திருப்பி, எஞ்சினை ஓட்டி, பல்பை எரியவிட்டு, ஹோல்டரின் எர்த் முனைக்கும் எஞ்சின் உலோகத்துக்கும் நடுவே அளந்தேன். அங்கே கிட்டத்தட்ட ஒன்றும் காட்டக் கூடாது. 2 வோல்ட் காட்டியது. பல்புக்குப் போக வேண்டிய வோல்ட்டில் 2 அந்த மூட்டிலேயே சூடாகிப் போய்க்கொண்டிருந்தது. இழை பல்பு வோல்ட் விஷயத்தில் மிகவும் கூச்ச சுபாவம் கொண்டது. வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் போலக் குறைந்துவிடும். முன்பலகைக்குப் பின்னால், ஹேண்டில் திரும்பும் கழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு எர்த் போல்ட், அதே பச்சை. ஹாரனின் தொண்டைக்கட்டும் அதோடு போயிற்று.

ஏப்ரலில் புதிதாக ஒன்று. ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட், செல்ஃப் நான்கும் ஒரே நொடியில் செத்தன. நான்கு ஒன்றாகப் போனால் நான்கையும் தனித்தனியாகத் தேடக் கூடாது, நான்குக்கும் பொதுவானதைப் பார்க்க வேண்டும். பியூஸ் போயிருந்தது. புதிது போட்டால், ஹேண்டிலை இடது பக்கம் ஒடித்ததும் அதுவும் போயிற்று. கல்லூரிக் காலத்தில் இதே நிலையில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி பியூஸ் இடத்தில் செருகியவன் நான். அன்று புகைந்தது வயர்தான், பியூஸ் இல்லை. இந்தத் தடவை அண்ணாச்சியிடம் கற்ற வித்தையைச் செய்தேன். பியூஸ் இருக்கும் இடத்தில் அதற்குப் பதிலாக 21 வாட்ஸ் பிரேக் பல்பு ஒன்றை இரண்டு வயரால் இணைத்தேன். எங்காவது ஷார்ட் ஆனால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், ஆனால் இரண்டு ஆம்பியருக்கு மேல் விடாது, ஒன்றும் கருகாது. ஹேண்டிலை மெதுவாகத் திருப்பிக்கொண்டே வயர்க்கட்டை ஒவ்வோர் இடமாக அசைத்தேன். கழுத்துக்குக் கீழே, கிளிப் விட்டுப்போய் வயர்க்கட்டு சட்டத்தின் விளிம்பில் உரசிய இடத்தைத் தூக்கியதும் பல்பு அணைந்தது. உறை தேய்ந்து செம்பு தெரிந்தது. டேப் சுற்றி, மேலே பழைய டியூப் துண்டைப் போர்த்தி, ஹேண்டில் இரண்டு பக்கமும் திரும்ப இடம் விட்டுக் கட்டினேன். 10 ஆம்பியர் சிவப்பு பியூஸ் அதற்குப் பின் இதுவரை போகவில்லை. அடிக்கடி போகிறதே என்று நீல நிற 15 ஆம்பியரைப் போடுவதும் வெள்ளித்தாள் வைப்பதும் ஒரே சாதி.

இதெல்லாம் தெரிந்தபின் ஜம்பம் வந்துவிடுகிறது. ஒரு நாள் காலையில் மனைவி, செல்ஃப் எடுக்கவில்லை என்றாள். நான் மல்டிமீட்டர், டெஸ்ட் லேம்ப் எல்லாம் பரப்பி உட்கார்ந்தேன். அவள் வலது பிரேக்கைப் பிடித்து செல்ஃபை அழுத்தினாள், எடுத்துவிட்டது. இந்த வண்டிகளில் பிரேக் பிடித்தால்தான் செல்ஃப் எடுக்கும். இரண்டு லீவரிலும் ஆளுக்கொரு சின்ன சுவிட்ச் உண்டு, இடது பக்கத்துச் சுவிட்ச் மக்கர் பண்ணியிருக்கிறது. இடது பிரேக்குக்கு பிரேக் லைட் எரியாமல் இருந்ததையும் நான் கவனித்திருக்க வேண்டும். புதுச் சுவிட்ச் நூறு ரூபாய்க்குள்தான்.

ஹெட்லைட்டில் எல்இடி பல்பைப் போடலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஏசி வண்டியில் சும்மா மாட்டினால் மெதுவாகப் போகும்போது துடிக்கும், எதிரே வருபவர் கண்ணில் சிதறும். டிசிக்கு மாற்றித் தருகிறோம் என்பவர்களிடம், இந்தச் சின்னப் பேட்டரியை அதற்கேற்ப சார்ஜ் செய்ய என்ன வழி என்று முதலில் கேளுங்கள்.

நீங்களே வண்டியில் கை வைப்பதானால், பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். இல்லாவிட்டால் பாசிட்டிவில் இருக்கும் ஸ்பேனர் சட்டத்தில் பட்டு நெருப்பு தெறிக்கும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரை உருவிப் பார்க்க வேண்டாம், ஆர்ஆர் யூனிட்டுக்கு ஆபத்து. வாட்டர் சர்வீஸ் செய்பவரிடம் சுவிட்ச்சுகள் மேலும் டூமுக்குள்ளும் நேராகப் பீய்ச்ச வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் இப்போது தீபாவளி முடிந்து மழை பிடிப்பதற்குள் இரண்டு எர்த் போல்ட்டையும் கழற்றித் தேய்த்து மாட்டிவிடுகிறேன். கடலோர ஊரில், மழையே பெய்யாவிட்டாலும் காற்றிலேயே உப்பு இருக்கிறது. டிக்கியில் இரண்டு பியூஸ், ஒரு துண்டு உப்புத்தாள், டேப், அண்ணாச்சி செய்து கொடுத்த டெஸ்ட் லேம்ப். மல்டிமீட்டர் வீட்டில் இருக்கிறது.

ஒன்று மட்டும் இன்னும் மிச்சம். போன வாரம் ஆத்தூர் பாலத்தில் இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு போனபோது கவனித்தேன். இண்டிகேட்டர் ஒவ்வொரு தடவை மினுக்கும்போதும் பெட்ரோல் முள்ளும் கூடவே தலையாட்டுகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்பீடோமீட்டர் மூடியைக் கழற்ற வேண்டும்.